ரோமக் காசு யாருடையது, எந்த ஆண்டினது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அங்கே பழம்பொருள் சந்தையில் வாங்கிய சின்னக் காசு ஒன்றைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினார். "அகஸ்டஸ் காசு கெடைச்சிருக்கு, பாருங்க" என்று கூடவே ஒரு வரி. எதை வைத்து அகஸ்டஸ் என்கிறீர்கள் என்று கேட்டேன். ஓரத்தில் ஏ-வி-ஜி என்று மூன்று எழுத்து தெளிவாக இருக்கிறதே என்றார். படத்தில் இருந்தவரின் தலையில் சூரியக் கதிர் போல முள்முள்ளாக ஒரு கிரீடம். முகத்தில் தாடி. அகஸ்டஸ் இறந்து இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அடித்த காசு அது.

ரோமக் காசு பார்க்கத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் இந்தத் தவறைச் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். முதல் பேரரசர் பெற்ற 'அகஸ்டஸ்' என்ற பட்டத்தை அவருக்குப் பின்னால் வந்த எல்லாப் பேரரசர்களும் சூடிக்கொண்டார்கள். சோழர் கல்வெட்டில் 'தேவர்' என்று மட்டும் படித்துவிட்டு இது இன்னாருடையது என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். பெயரையும் முகத்தையும் முதலில் பிடித்துக்கொள்வதுதான் சிக்கலுக்கு வேர். எந்த நூற்றாண்டு என்று முதலில் கண்டுபிடியுங்கள். பேரரசர் யார் என்பது பிறகு தானாக வந்து சேரும். கீழே உள்ள வரிசை அதற்காகவே.

ஒரு சொல்: காசில் இருப்பவை லத்தீன் எழுத்துகள். ஐ-எம்-பி, ஏ-வி-ஜி என்று எழுத்துகளின் பெயரைக் கோத்துச் சொல்லிக்கொண்டு போகிறேன். நீங்கள் காசில் அந்த வடிவங்களைத் தேடுங்கள். பி, டி போலக் குழப்பம் வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் அந்த எழுத்துகளையே காட்டுகிறேன். தலை உள்ள பக்கத்தைத் தலை என்றும் மறுபக்கத்தைப் பூ என்றும் சொல்கிறேன். பூவா தலையா போட்டு வளர்ந்த நமக்கு அது போதும்.

தேய்க்க வேண்டாம்

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை, பச்சை ஏறிய காசைக் கண்டதும் புளியைத் தேடும். எலுமிச்சை, வினிகர், பாத்திரம் விளக்கும் பொடி எதுவும் வேண்டாம். ஆயிரத்தெழுநூறு ஆண்டு மண்ணில் கிடந்த வெண்கலக் காசில், எழுத்தின் விளிம்பு பல நேரம் அந்தப் பச்சைப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். அமிலம் பட்டால் படலம் போகும், கூடவே எழுத்தும் போகும். மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப் போட்டு, தண்ணீரை நாலைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றி, மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பொறுமையாக இருந்தால் மண் தானாக விடும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. வெளிர் பச்சை நிறத்தில் மாவு போல உதிரும் புள்ளிகள் தெரிந்தால் அது குளோரைடு உப்பால் வரும் அரிப்பு. ஈரம் பட்டால் வளரும். அந்தக் காசைத் தனியாக, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உலர்ந்த டப்பாவில் வையுங்கள்.

எடை, குறுக்களவு, உலோகம்

நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போல 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு ஒன்று, மில்லிமீட்டர் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று. இவை இல்லாமல் தொடங்காதீர்கள். எடையும் அளவும் சொல்லாமல் படம் மட்டும் அனுப்பி "இது என்ன காசு" என்று கேட்பவர்களுக்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது.

தங்கம் என்றால் இரண்டே கேள்வி. அகஸ்டஸ் காலத்து ஆரியஸ் சுமார் 7.8 கிராம், கிட்டத்தட்ட நம் ஒரு பவுன். நீரோ கி.பி. 64-ஆம் ஆண்டில் அதைச் சுமார் 7.3 கிராமுக்கு இறக்கினார். காசு நாலரை கிராம் இருந்தால் அது கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த சாலிடஸ். நான்காம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிறகு. ஒரு ரோம ராத்தல் தங்கத்துக்கு 72 சாலிடஸ் என்பது கணக்கு.

வெள்ளியில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது டெனாரியஸ். குறுக்களவு 18, 19 மில்லிமீட்டர், நம் ஒரு ரூபாயைவிடக் கொஞ்சம் சிறியது, ஆனால் தடிமன் அதிகம். அகஸ்டஸ் காலத்தில் 3.8 கிராமை ஒட்டியும், நீரோவின் மாற்றத்துக்குப் பிறகு 3.4 கிராமை ஒட்டியும் நிற்கும். தேய்மானத்தால் கொஞ்சம் குறையும். 215-இல் கராகல்லா ஒரு புதிய காசை வெளியிட்டார்; இன்று அதை அன்டோனினியானஸ் என்கிறோம். இரண்டு டெனாரியஸ் மதிப்பு, ஆனால் ஒன்றரை டெனாரியஸ் வெள்ளிதான் அதில் இருந்தது. அதன் கதை அங்கிருந்து இறங்குமுகம்தான். கேலியனஸ் ஆட்சியின் கடைசியில், அதாவது 260-களில், அது நூற்றுக்குச் சில பங்கு வெள்ளியே கலந்த செம்புத் துண்டு. மேலே மட்டும் வெள்ளிப் பூச்சு. ஆகவே செம்பு நிறத்தில் இருக்கும் மெலிந்த காசில் அங்கங்கே வெள்ளி மினுமினுப்புத் தெரிந்தால் மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியை நினையுங்கள்.

பித்தளை, செம்பு, வெண்கலக் காசுகள்தான் புதியவர்கள் கையில் அதிகம் வருபவை. முதல் இரண்டரை நூற்றாண்டுகளில் இவற்றில் மூன்று முக்கியம். செஸ்டெர்டியஸ் பித்தளை, 30 மில்லிமீட்டருக்கு மேல், சுமார் 25 கிராம். நம் பத்து ரூபாய்க் காசு 27 மில்லிமீட்டர், எட்டு கிராம்கூட இல்லை. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செஸ்டெர்டியஸின் பருமன் புரியும். டுபோண்டியஸும் பித்தளை, ஆஸ் செம்பு. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு, 10 முதல் 13 கிராம். பித்தளையா செம்பா என்று நம் வீட்டுப் பாத்திரத்தில் சட்டென்று சொல்லிவிடலாம். பச்சை மூடிய காசில் முடியாது. அதற்கு வழி தலையில் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

294-ஐ ஒட்டி டயோக்ளீஷியன் எல்லாவற்றையும் மாற்றி, பத்து ரூபாய்க் காசின் அகலத்தில் சுமார் பத்து கிராமில் ஒரு பெரிய வெண்கலக் காசு அடித்தார். ஃபோலிஸ் என்று இன்று அழைக்கிறோம். அது விரைவாகச் சிறுத்து, 330-களில் இரண்டு கிராமைத் தொட்டுவிட்டது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கிராம், பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர். கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய வெண்கலக் காசு கையில் இருந்தால் ஜூலியஸ் சீசரைத் தேட வேண்டாம்.

முடியையும் தாடியையும் பாருங்கள்

முகச்சாயலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். நீரோவின் தடித்த கழுத்து, வெஸ்பாசியனின் சுருக்கம் விழுந்த வழுக்கை மாதிரி சிலருக்கு அது சரி. தேய்ந்த காசில் அது ஏமாற்றும். தலையில் என்ன அணிந்திருக்கிறார், தாடி உண்டா என்ற இரண்டும் ஏமாற்றுவது குறைவு.

லாரல் இலை மாலையின் நாடா முனைகள் பிடரியில் தொங்கும். டெனாரியஸ், செஸ்டெர்டியஸ், ஆஸ் ஆகியவற்றில் அதுவே வழக்கம். கதிர்முடி, அதாவது கூர்கூராகக் கதிர் நீட்டிய கிரீடம், 'இரட்டை மதிப்பு' என்பதன் அடையாளம். பச்சை ஏறிய நடுத்தரக் காசில் கதிர்முடி இருந்தால் அது பெரும்பாலும் டுபோண்டியஸ், இலை மாலை இருந்தால் ஆஸ். வெள்ளியில் கதிர்முடி இருந்தால் அன்டோனினியானஸ். அரசியரின் அன்டோனினியானஸில் மார்பளவு உருவத்தின் கீழே பிறை இருக்கும். ஆண்களுக்குச் சூரியன், பெண்களுக்குச் சந்திரன். முத்துப் பதித்த நெற்றிப்பட்டம் கட்டியிருந்தால் கான்ஸ்டன்டைனின் பிற்காலம் அல்லது அதற்குப் பிறகு.

தாடிக்கு ஒரு கணக்கு உண்டு. அகஸ்டஸ் முதல் ட்ராஜன் வரை, அதாவது 117 வரை, பெரும்பாலும் மழித்த முகம். ஹட்ரியன் தாடி வைத்தார். அதன் பிறகு அன்டோனினஸ் பயஸ், மார்க்கஸ் அரேலியஸ், செப்டிமியஸ் செவெரஸ் என்று தாடி அடர்ந்துகொண்டே போகும். மூன்றாம் நூற்றாண்டின் படைத்தலைவப் பேரரசர்கள் ஒட்ட வெட்டிய முடி, குறுந்தாடி. கான்ஸ்டன்டைனோடு மழித்த முகம் திரும்பி வருகிறது. நான்காம் நூற்றாண்டின் நடுவில் நீண்ட தாடி ஒன்றைக் கண்டால் அது ஜூலியன், 361 முதல் 363 வரை.

நண்பரின் காசுக்கு இப்போதே பாதி விடை வந்துவிட்டது. கதிர்முடி, தாடி, செம்பின் மேல் வெள்ளி மினுக்கு. எடை கேட்டேன். 2.8 கிராம், 20 மில்லிமீட்டர் என்றார். ஒரு எழுத்துக்கூடப் படிக்காமலே 250 முதல் 270-க்குள் வந்துவிட்டோம்.

எழுத்தைப் படிக்கும் விதம்

கல்வெட்டு படிப்பவர்கள் சாய்ந்த வெயிலைத் தேடிப் போவார்கள். அதே உத்தி இங்கேயும். மேலே இருந்து வெளிச்சம் விழுந்தால் எழுத்து தெரியாது. இருட்டறையில் டார்ச்சைக் காசின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, காசை மெல்லச் சுற்றுங்கள். ஒவ்வொரு கோணத்திலும் இரண்டு மூன்று எழுத்து எழும்பும். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். தெரியாத இடத்தில் புள்ளி வையுங்கள். ஊகத்தை எழுத்தாக எழுதிவிட்டால் பிறகு அதுவே கண்ணை இழுத்துக்கொண்டு போகும்.

வாசகம் பெரும்பாலும் கீழே இடப்பக்கம் தொடங்கி, கடிகார முள் போகும் திசையில் ஓடும். சொற்களுக்கு இடையே இடைவெளி இராது. யூ என்ற எழுத்து கிடையாது, அதன் வேலையையும் வி செய்யும். ஓலைச்சுவடியில் புள்ளியில்லாத மெய்யைச் சூழலை வைத்துப் படித்தவர்கள் நாம். இது அதைவிடக் கடினம் இல்லை.

ஐ-எம்-பி (IMP) என்று தொடங்கினால் 'இம்பெராட்டோர்', படைத்தலைமைப் பட்டம். சி-ஏ-இ-எஸ் அல்லது வெறும் சி 'சீசர்'. பி-எம் (PM) தலைமைப் பூசாரி. சி-ஓ-எஸ் கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவி. பி-பி (PP) 'நாட்டின் தந்தை'. டி-ஆர்-பி (TRP) என்பது மக்கள் நடுவர் அதிகாரம். ஆண்டுதோறும் புதுப்பிப்பார்கள், கூடவே ரோம எண் வரும். அந்த எண்ணைப் படிக்க முடிந்தால் ஆண்டே கையில் கிடைத்த மாதிரி. டி-என் (DN) என்று தொடங்கினால் 'நம் தலைவர்'. நான்காம் நூற்றாண்டு, அதற்குப் பிந்தைய காலம். என்-ஓ-பி-சி (NOBC) என்றால் இளவரசர் நிலையில் இருக்கும் சீசர், இன்னும் அகஸ்டஸ் ஆகவில்லை. டி-ஐ-வி-வி-எஸ் (DIVVS) என்றால் இறந்து தெய்வமாக்கப்பட்டவர்.

பட்டங்கள் ஆண்டை எப்படி இறுக்கிப் பிடிக்கின்றன என்பதற்கு ட்ராஜனைப் பாருங்கள். ஒரு டெனாரியஸின் தலையில் அவர் பெயரோடு ஜி-இ-ஆர், டி-ஏ-சி (DAC) என்று இருக்கிறது. பூவில் சி-ஓ-எஸ், பக்கத்தில் ஐந்து என்ற எண்ணாக ஒரு வி. டி-ஏ-சி, அதாவது டேசியா நாட்டை வென்ற பட்டம், 102-இன் இறுதியில் வந்தது. ஐந்தாம் கான்சல் பதவி 103-இல், ஆறாவது 112-இல். ஆக அந்தக் காசு 103-க்கும் 111-க்கும் இடையில் அடித்தது. பார்த்தியப் பட்டம் இருந்தால் 116-ஐத் தொட்டிருப்போம். இன்னொன்று, பெயர் ட்ராயானஸ் என்று முடியாமல் ட்ராயானோ என்று முடிந்திருக்கும். குழம்ப வேண்டாம். அது நான்காம் வேற்றுமை, 'ட்ராஜனுக்கு'.

பெயர்க் குழப்பங்களில் இரண்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அன்டோனினஸ் என்ற பெயரில் காசு அடித்தவர்களில் முக்கியமானவர்கள் நால்வர்: அன்டோனினஸ் பயஸ், மார்க்கஸ் அரேலியஸ், கராகல்லா, எலகபாலஸ். கராகல்லா என்பதும் எலகபாலஸ் என்பதும் பட்டப்பெயர்கள். பேரரசர் பெயராகக் காசில் தேடினால் கிடைக்காது. இரண்டாவது, கான்ஸ்டன்டைன் குடும்பம். கான்ஸ்டன்டினஸ், கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ். முதல் ஏழு எழுத்து ஒன்றுதான். முடிவை வைத்துத்தான் ஆள் மாறும். கான்ஸ்டன்டினஸ் என்றே படித்துவிட்டாலும் அடுத்து எம்-ஏ-எக்ஸ் இருந்தால் தந்தை, ஐ-வி-என் இருந்தால் மகன். நேரம் ஒதுக்கி லென்ஸில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

தலைப்பக்க எழுத்து கிரேக்கமாக இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அது பேரரசின் கிழக்கு நகரங்கள் தாமே அடித்த மாகாணக் காசு. அதற்கு வேறு பட்டியல்.

பூப்பக்கம்தான் நிறையச் சொல்லும்

புதியவர்கள் காசைத் திருப்பிப் பார்க்கவே மறந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. பெரும்பாலும் ஒரு பெண் உருவம், நின்றோ உட்கார்ந்தோ. கையில் என்ன வைத்திருக்கிறாள் என்று பாருங்கள். கோயில் சிற்பத்தில் சங்கு சக்கரம் கண்டால் திருமால், மானும் மழுவும் கண்டால் சிவன் என்று சொல்கிறோமே, அதே முறை. சுக்கான் பிடித்து, பழம் வழியும் கொம்பு ஏந்தியவள் நற்பேறு தரும் ஃபோர்டுனா. தராசு பிடித்தவள் நேர்மைக்கான எக்குயிட்டாஸ் அல்லது நாணயத்துக்குரிய மொனேட்டா. பாம்புக்கு உணவூட்டுபவள் உடல்நலத்தின் சாலுஸ். கையில் பூ, மறு கை பாவாடை நுனியைத் தூக்கியபடி என்றால் நம்பிக்கையின் ஸ்பெஸ். ஒலிவக் கிளை என்றால் அமைதியின் பாக்ஸ். சிறகு இருந்தால் விக்டோரியா. பெரிய வெண்கலக் காசுகளில் எஸ்-சி என்று இரண்டு பெரிய எழுத்து நடுவில் நிற்கும்; 'செனட்டின் ஆணைப்படி'.

பூவில் வரும் ஏ-வி-ஜி-ஜி என்பது எழுத்துப் பிழை இல்லை. ஜி இரண்டென்றால் ஆட்சியில் இரண்டு பேரரசர்கள், மூன்றென்றால் மூவர்.

நான்காம் நூற்றாண்டுச் சில்லறைக் காசுகளில் பூப்பக்க வகைகள் குறைவு, அவை ஒவ்வொன்றுக்கும் காலம் தெரியும். ஆகவே எழுத்தே இல்லாத காசையும் ஓரளவு சொல்லிவிடலாம். இரண்டு வீரர்கள், நடுவே இரண்டு படைக்கொடி என்றால் 330 முதல் 335 வரை. அதே வீரர்கள், நடுவே ஒரே கொடி என்றால் 335-க்குப் பிறகு 341 வரை. ஓநாய் இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுத்தால் 330-களின் 'ரோம் நகர்' காசு. தலைப்பக்கம் பேரரசர் இருக்கமாட்டார், தலைக்கவசம் அணிந்த ரோமாவே இருப்பாள். குதிரையோடு சரிந்து விழுபவனை வீரன் ஈட்டியால் குத்தினால் 348-ஐ ஒட்டித் தொடங்கிய வகை. வெற்றித் தேவதை கைதியை இழுத்துப்போனால் 380-களும் அதற்குப் பிறகும். மதுரைப் பக்கமும் இலங்கையிலும் கிடைத்த தேய்ந்த சிறு ரோம வெண்கலக் காசுகள் இந்த நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இலங்கையில் அவற்றைப் பார்த்து உள்ளூரில் அடித்த போலிகளும் உண்டு.

அடிக்கோட்டுக்குக் கீழே

பூவில் உருவம் நிற்கும் தரைக்கோட்டின் கீழே சிறிய இடம் இருக்கும். மூன்றாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அங்கே அக்கசாலையின், அதாவது காசு அடித்த கூடத்தின், பெயர் வருகிறது. டி-ஆர் (TR) என்றால் ட்ரியர், எஸ்-ஐ-எஸ் என்றால் சிசியா, ஏ-என்-டி (ANT) அந்தியோக்கியா, ஏ-எல்-இ அலெக்சாந்திரியா, எல்-ஓ-என் அல்லது எல்-என் லண்டன். சி-ஓ-என்-எஸ் கான்ஸ்டான்டிநோபிள், ஆனால் கடைசியில் ஒரு டி (T) சேர்ந்தால் அது பிரான்சில் உள்ள ஆர்ல் நகரம், அதற்குச் சில காலம் கான்ஸ்டன்டினா என்று பெயர். முன்னால் வரும் எஸ்-எம் 'புனித நாணயம்' என்ற அடைமொழி. கூடவே ஒட்டியிருக்கும் பி, எஸ், டி (P, S, T) அல்லது கிரேக்க எழுத்து, அந்த அக்கசாலைக்குள் எத்தனையாவது பட்டறை என்பதைச் சொல்லும். காசு அடித்தவர்களின் தரக் கண்காணிப்பு அது. எடை குறைந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே.

அதற்கு முந்தைய காசுகளில் இந்தக் குறி இராது. தேடி நேரம் போக்க வேண்டாம்.

பட்டியலில் தேடுதல்

இப்போதுதான் புத்தகம். ரோமப் பேரரசுக் காசுகளுக்கான அடிப்படைப் பட்டியல் 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்'. 1923-இல் முதல் தொகுதி வந்தது, மொத்தம் பத்துத் தொகுதிகள். விலை எட்டாது. ஆனால் அமெரிக்க நாணயவியல் கழகம் அதை 'ஓக்ரே' என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. அகஸ்டஸ் முதல் ஐந்தாம் நூற்றாண்டின் ஸீனோ வரை, 40,000-க்கும் மேற்பட்ட வகைகள், பலவற்றுக்கு அருங்காட்சியகப் படங்கள். தேடும்போது பேரரசர் பெயரில் தொடங்கினால் ஆயிரக்கணக்கில் கொட்டும். உலோகத்தையும் காசு வகையையும் முதலில் தேர்ந்து, பிறகு பூப்பக்கத்தில் உறுதியாகப் படித்த ஒரே ஒரு சொல்லைக் கொடுங்கள். பட்டியல் சுருங்கிய பிறகு பேரரசரைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு பயிற்சிக்கு, நம் மண்ணில் அதிகம் கிடைத்த வெள்ளிக் காசையே எடுத்துக்கொள்வோம். டைபீரியஸின் டெனாரியஸ். கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸும் இவரும்தான் நிறைய. எடை 3.7 கிராமை ஒட்டி. வலப்பக்கம் பார்க்கும் மழித்த முகம், இலை மாலை. டி-ஐ (TI) சீசர் டி-ஐ-வி-ஐ (DIVI) ஏ-வி-ஜி எஃப் அகஸ்டஸ் என்று வாசகம். இதில் ஏ-வி-ஜி இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். முதலாவது தந்தை: 'தெய்வமான அகஸ்டஸின் மகன்'. இரண்டாவது இவருடைய பட்டம். ஆளின் பெயர் தொடக்கத்தில் நிற்கும் அந்த இரண்டே எழுத்தில் இருக்கிறது. அது தேய்ந்துபோனால் எல்லாரும் அகஸ்டஸ் என்று எழுதிவிடுகிறார்கள். பூவில் 'பொன்டிஃப் மாக்ஸிம்' என்ற வாசகம், நாற்காலியில் வலப்பக்கம் நோக்கி அமர்ந்த பெண், ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் கிளை. அடித்த இடம் இன்றைய லியோன். டைபீரியஸ் ஆண்ட 14 முதல் 37 வரை இந்த வகை பெரிதாக மாறவே இல்லை. பட்டியலில் முதல் தொகுதி, எண் 26, 28, 30. எது என்று தீர்மானிப்பது நாற்காலிக் கால்கள்: வெறுமையா, வேலைப்பாடு உள்ளதா, கீழே கோடு உண்டா. தமிழ் வேதாகமம் 'இராயன்' என்று சொல்லும் சீசரின் வரிக்காசு இதுதான் என்பது நெடுநாள் மரபு.

அகஸ்டஸின் டெனாரியஸ் இங்கே கிடைத்தால் பெரும்பாலும் பூவில் இரண்டு இளைஞர்கள் நேராக நிற்பார்கள், நடுவே இரண்டு கேடயம், ஈட்டிகள். அவர் பேரர்கள் கேயஸும் லூசியஸும். தலையில் 'நாட்டின் தந்தை' பட்டம் இருப்பதால் அது கி.மு. 2-க்கு முந்தையதாக இருக்க முடியாது.

நம் பக்கத்துக் காசுகளில் இன்னும் சில அடையாளங்கள் உண்டு. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 பொற்காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலை மேல் உளியால் வெட்டிய கீறல். நாணயமாகச் செல்லாமல் தங்கமாக மட்டும் மதிக்கப்பட வேண்டும் என்று வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். அந்தக் கீறலைக் குறை என்று எண்ணி யாராவது சரிசெய்ய முனைந்தால் தடுத்துவிடுங்கள், வரலாறே அந்தக் கீறலில் இருக்கிறது. கழுத்தில் கோத்து அணியத் தலைக்கு மேலே துளையிட்ட பொற்காசுகளும் உண்டு. காசுமாலை அணியும் ஊருக்கு இது விளங்கும். பொருளில்லாத கோடுகளாக எழுத்து சிதைந்திருந்தால் ரோமக் காசைப் பார்த்து இந்தியாவில் அடித்த நகலாக இருக்கலாம். தலை இருக்கிறது, மேலே இருப்பது லத்தீன் இல்லை, தமிழ் பிராமி என்றால் நீங்கள் பார்ப்பது சேரர் காசு. மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற பெயர்களோடு கரூரில் கிடைத்தவை ரோமக் காசின் சாயலில் உள்ளவை.

போலியும் சட்டமும்

வார்த்தெடுத்த போலியின் விளிம்பில், இரண்டு அச்சு சேர்ந்த கோடு சுற்றிலும் ஓடும். அல்லது அதை அரத்தால் ராவிய தடம் தெரியும். லென்ஸில் பார்த்தால் சிறு குமிழிக் குழிகள். எழுத்தின் ஓரம் சோப்பு கரைந்தது போல மழுங்கியிருக்கும். ஒரே கீறலும் ஒரே தேய்மானமும் உள்ள இரண்டு காசு கண்ணில் பட்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள். பழைய போலியும் இருக்கிறது: செம்பின் மேல் வெள்ளித் தகடு மூடி அந்தக் காலத்திலேயே அடித்தவை. வெள்ளி உரிந்த இடத்தில் பச்சை எட்டிப்பார்க்கும், எடை குறையும். அது ஏமாற்றுக் காசுதான், ஆனால் உண்மையான பழங்காசு, தூக்கி எறியாதீர்கள். பதினாறாம் நூற்றாண்டில் பதுவா நகரத்தின் கவீனோ செய்த செஸ்டெர்டியஸ் நகல்கள் அழகில் அசலை விஞ்சுபவை. ரொம்ப அழகாக இருந்தால் ஒரு முறைக்கு இரு முறை எடை போடுங்கள்.

இந்தியாவில் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ இப்படிக் காசு கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட காசை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. இதைச் சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. எந்த வயலில், எந்த ஆழத்தில், எந்தப் பானையில், எத்தனை காசோடு கிடைத்தது என்பதைத் தொலைத்துவிட்ட காசு பாதி ஊமை. கிடைத்த இடத்தைப் படமெடுங்கள், பானைச் சில்லைக்கூட அப்புறப்படுத்தாதீர்கள்.

நண்பரின் காசு என்ன ஆயிற்று என்றால், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மீண்டும் படமெடுக்கச் சொன்னேன். தலையில் ஏ-வி-ஜிக்கு முன்னால் எல்-ஐ-இ-என்-வி-எஸ் எழும்பியது. பூவில் வலப்பக்கம் நடந்து திரும்பிப் பார்க்கும் பெண் மான். சுற்றிலும் 'டியானே கான்ஸ் ஏ-வி-ஜி', பேரரசரைக் காக்கும் டயானாவுக்கு. மானின் கீழே வளைந்த இ (E) என்ற எழுத்து, கிரேக்க எண்ணில் ஐந்து. கேலியனஸ் தன் ஆட்சியின் கடைசியில் தெய்வங்களின் காவல் வேண்டி, ஒவ்வொரு தெய்வத்துக்கும் உரிய விலங்கைப் போட்டு அடித்த வரிசையில் ஒன்று. காசைப் போட்டு வைக்கும் காகித உறையில் நண்பர் இப்போது எழுதி வைத்திருப்பது இது:

கேலியனஸ். அன்டோனினியானஸ். ரோம், ஐந்தாம் பட்டறை. 267–268. டயானாவின் மான். 2.8 கிராம், 20 மி.மீ. தலைப்பக்கம் முதல் மூன்று எழுத்து தேய்வு. சந்தையில் வாங்கியது, கிடைத்த இடம் தெரியாது.